அத்திப்பள்ளி தாண்டினால் ஓசூர், ஹீலியோபாஸ் தாண்டினால்?

என் அக்கா மகன் ஓசூரில் வாடகைக்கு இருந்துகொண்டு தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்கு வந்து போகிறவன். போன ஞாயிற்றுக்கிழமை அல்சூரில் அக்கா வீட்டுச் சாப்பாட்டில் இப்படிக் கேட்டான்: “மாமா, நாசாவோட வாயேஜர் விண்கலம் சூரியக் குடும்பத்தோட எல்லையைத் தாண்டிடுச்சுன்னு சொல்றாங்களே, அங்க என்ன செக்போஸ்ட்டா இருக்கு? தாண்டினது எப்படித் தெரியும்? அவ்வளவு தூரம் போகாமலே அதைப் பார்க்க வழி கிடையாதா?”

நான் ஆன்டெனா, ரிசீவர் வேலையிலேயே முப்பது வருஷம் ஓட்டியவன். விண்வெளி இயற்பியல் ஆர்வத்தில் படித்தது. அன்றைக்குப் பாதி பதில்தான் சொன்னேன், ரசம் ஆறிக்கொண்டிருந்தது. இப்போது முழுசாக எழுதுகிறேன்.

அவனுடைய தினசரிப் பயணத்திலேயே பதிலில் பாதி இருக்கிறது. அத்திப்பள்ளியைத் தாண்டி ஜூஜூவாடிக்குள் நுழைந்தது எப்படித் தெரிகிறது? கடைப் பலகை கன்னடத்தில் இருந்து தமிழுக்கு மாறும். வண்டிகளின் நம்பர் பிளேட்டில் ‘கேஏ’ குறைந்து ‘டிஎன்’ கூடும். பஸ்ஸின் நிறம் மாறும். ஆனால் இவை எல்லாம் ஒரே மீட்டரில் மாறுவதில்லை. அத்திப்பள்ளிக் கடையிலேயே தமிழ் கேட்கும். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கன்னடமும் தெலுங்கும் கேட்டுக்கொண்டே இருக்கும். போன் இன்னும் கொஞ்ச தூரம் கர்நாடக டவரைப் பிடித்துக்கொண்டு வரும். மண்ணோ இரண்டு பக்கமும் ஒரே மண். இதில் ஒன்றை மட்டும் வைத்து எல்லையைச் சொல்லப் போனால் ஏமாந்துவிடுவோம்.

வாயேஜருக்கும் இதே கதைதான். கோடு கிடையாது, பலகை கிடையாது. ஒவ்வொரு கருவியும் தனக்குத் தெரிந்த ஒன்று மாறுகிறதா என்று பார்க்கிறது. 2012-இல் ஒரே ஒரு அடையாளம் மட்டும் மாற மறுத்தது. அதை வைத்து விஞ்ஞானிகள் ஒரு வருஷம் சண்டை போட்டார்கள்.

முதலில் அது எதனுடைய எல்லை என்று பார்த்துவிடலாம். சூரியனில் இருந்து புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் ஓயாமல் எல்லாப் பக்கமும் வீசிக்கொண்டே இருக்கின்றன. இதைச் சூரியக் காற்று என்கிறோம். சாதாரணமாக நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகம். நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள வெளியும் காலி இல்லை. மிக மெல்லிய வாயு அங்கே பரவியிருக்கிறது. சூரியன் அதற்குள் நொடிக்கு சுமார் 26 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. சூரியக் காற்று வெளி வாயுவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரிய குமிழியை ஊதி வைத்திருக்கிறது. அந்தக் குமிழிதான் ஹீலியோஸ்பியர். உள்ளே இருந்து தள்ளும் அழுத்தமும் வெளியே இருந்து அமுக்கும் அழுத்தமும் சரிக்குச் சரி நிற்கும் இடம் ஹீலியோபாஸ். எல்லை என்று சொல்வது இதைத்தான்.

அதற்கு முன்னால் இன்னொரு படி உண்டு. பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டுப் பாருங்கள். தண்ணீர் விழுந்த இடத்தைச் சுற்றி வழவழவென்று வேகமாக ஓடும். கொஞ்ச தூரத்தில் திடீரென்று ஒரு வளையம் போட்டு, அதற்கு வெளியே தடித்து, மெதுவாகக் கலங்கி ஓடும். சூரியக் காற்றும் ஒலியை மிஞ்சிய வேகத்தில் வந்து ஒரு இடத்தில் இப்படித் தடுக்கி வேகம் குறைகிறது. அதற்கு டெர்மினேஷன் ஷாக் என்று பெயர். அதற்கும் ஹீலியோபாஸுக்கும் நடுவே இருக்கும் கலங்கிய பகுதி ஹீலியோஷீத்.

வாயேஜர் 2 கிளம்பியது 1977 ஆகஸ்ட் 20. வாயேஜர் 1 கிளம்பியது செப்டம்பர் 5. பேர்தான் ஒன்று, கிளம்பியது இரண்டாவதாக. இரண்டையும் அனுப்பியது கிரகங்களைப் பார்க்கத்தான். எல்லைப் பயணம் பிற்பாடு வந்த போனஸ். வாயேஜர் 1 டெர்மினேஷன் ஷாக்கைத் தாண்டியது 2004 டிசம்பரில், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 94 மடங்கு தள்ளி. ஆனால் தாண்டிய அந்த நேரத்தில் பூமியில் எந்த ஆன்டெனாவும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. முன்னும் பின்னும் வந்த தகவலை வைத்து ‘நடுவில் தாண்டியிருக்கிறது’ என்று முடிவு செய்தார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு வயிற்றைப் பிசையும் சமாச்சாரம் இது. வாயேஜர் 2 அந்தக் குறையைத் தீர்த்தது. 2007 ஆகஸ்ட் கடைசியில், 84 மடங்கு தூரத்தில், இரண்டு மூன்று நாளுக்குள் ஐந்து முறையாவது தாண்டியது. விண்கலம் முன்னும் பின்னும் போகவில்லை. ஷாக்தான் கடலோர அலை மாதிரி முன்னால் வந்து பின்னால் போனது.

அப்போது ஒரு ஆச்சரியமும் கிடைத்தது. அவ்வளவு வேகமான காற்று திடீரென்று தடுக்கினால் அந்த வேகம் எல்லாம் சூடாக மாற வேண்டும். எதிர்பார்த்த அளவில் ஒரு சின்னப் பங்குதான் சூடாக இருந்தது. மிச்ச ஆற்றல் எங்கே போனது? வெளியில் இருந்து உள்ளே மிதந்து வரும் நடுநிலை அணுக்கள் வழியில் எலக்ட்ரானை இழந்து, சூரியக் காற்றோடு சேர்ந்து அடித்துக்கொண்டு போகின்றன. பிக்கப் அயனிகள் என்பார்கள். வழியில் லிஃப்ட் கேட்டு ஏறியவை என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆற்றலில் பெரும்பங்கை அவைதான் வாங்கிக்கொண்டன. அவற்றை அளக்க வாயேஜரில் கருவி இல்லை. 2006-இல் கிளம்பி 2015-இல் புளூட்டோவைத் தாண்டிப் போன நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தில் இருக்கிறது. இந்த லிஃப்ட் கேட்கும் கூட்டத்தால் சூரியக் காற்று வரவர வேகம் குறைவதை அது நேரிலேயே அளந்திருக்கிறது.

சரி, 2012-க்கு வருவோம். வாயேஜர் 1-க்கு ஒரு பெரிய ஊனம் உண்டு. இப்படி மின்னூட்டம் கொண்ட துகள்களால் ஆன வாயுவுக்குப் பிளாஸ்மா என்று பெயர். சூரியக் காற்றின் வேகம், அடர்த்தி, சூடு எல்லாம் அளக்கும் பிளாஸ்மா கருவி 1980-லேயே செத்துவிட்டது. அது மட்டும் உயிரோடு இருந்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. மிச்சமிருந்த கருவிகளில் ஒன்று குறைந்த ஆற்றல் துகள்களை எண்ணுவது. ஒரு சின்ன மோட்டார் அதைக் கோணம் கோணமாகத் திருப்பி எல்லாப் பக்கமும் பார்க்க வைக்கும். ‘எதிர்ப்பக்கம் இருந்து எத்தனை, பின்பக்கம் இருந்து எத்தனை’ என்ற கணக்கில் காற்றின் வேகத்தை ஒருமாதிரி ஊகிக்கலாம். 2010-இல் அந்த வேகம் பூஜ்யத்துக்கு வந்தது. காற்று நின்றுவிட்டதா, இல்லை பக்கவாட்டில் திரும்பிவிட்டதா? பார்ப்பதற்காக 2011 மார்ச்சில் விண்கலத்தையே 70 டிகிரி புரட்டிப் பார்த்தார்கள். மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை: 5 லட்சம் முறை திரும்பினால் போதும் என்று சோதித்து அனுப்பியது. வாயேஜர் 2-இல் இருக்கும் அதன் ஜோடி, 2025 மார்ச்சில் அணைக்கப்படும்வரை 85 லட்சம் முறைக்கு மேல் திரும்பியிருந்தது.

2012 ஜூலை 28-இல், உள்ளே உற்பத்தியாகும் துகள்களின் எண்ணிக்கை திடீரென்று சரிந்தது. கொஞ்ச நாளில் மீண்டது. ஆகஸ்ட் நடுவில் மறுபடி சரிந்து, மறுபடி மீண்டது. ஆகஸ்ட் 25-இல் சரிந்தது சரிந்ததுதான். ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. அதே நேரம், வெளியில் இருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் ஏறின. பலகை மாறியாயிற்று, நம்பர் பிளேட் மாறியாயிற்று. அப்போது தூரம் சுமார் 1,820 கோடி கிலோமீட்டர், அதாவது பூமி–சூரியன் தூரத்தைப் போல கிட்டத்தட்ட 122 மடங்கு.

அப்புறம் என்ன தகராறு? காந்தப்புலம். குமிழிக்குள் இருப்பது சூரியனின் காந்தப்புலம், வெளியே இருப்பது விண்மீன் மண்டலத்தின் காந்தப்புலம். தாண்டினால் திசை மாறியே ஆக வேண்டும் என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தார்கள். புலத்தின் வலிமை கூடியதே ஒழிய திசை அசையவில்லை. அதனால் 2013 நடுவிலும்கூட “இன்னும் தாண்டவில்லை, இது நமக்குத் தெரியாத ஒரு புது உள்பகுதி” என்று ஒரு பெரிய தரப்பு சொல்லிக்கொண்டிருந்தது. 1972-இல் இருந்து ஐம்பது வருஷம் வாயேஜரின் தலைமை விஞ்ஞானியாக இருந்த எட் ஸ்டோனும் அவசரப்பட்டு அறிவிக்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்ததே அந்தப் பொறுமைக்காகத்தான்.

தீர்ப்பைச் சொன்னது சூரியன்தான். 2012 மார்ச்சில் சூரியனில் ஒரு பெரிய வெடிப்பு. அதன் அதிர்ச்சி அலை 13 மாதம் பயணம் செய்து 2013 ஏப்ரலில் வாயேஜர் 1 இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, சுற்றி இருந்த பிளாஸ்மாவை உலுக்கியது. பிளாஸ்மாவை உலுக்கினால் அதில் உள்ள எலக்ட்ரான்கள் ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் ஆடும். அந்த அலைவரிசை எலக்ட்ரான் அடர்த்தியை மட்டுமே பொறுத்தது. தேங்காயைத் தட்டிப் பார்த்து உள்ளே எப்படி என்று சொல்கிறோமே, அந்த மாதிரி. ஆனால் அதைவிடத் துல்லியமாகச் சொல்லலாம், ஏனென்றால் இது நேரடிச் சூத்திரம். வாயேஜரில் 10 மீட்டர் நீளத்தில் இரண்டு ஆன்டெனாக்கள் கவண் வடிவத்தில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை பிடித்தது சுமார் 2,600 ஹெர்ட்ஸ். காதால் கேட்கக்கூடிய அளவு. ஸ்பீக்கரில் போட்டால் விசில் மாதிரி இருக்கும். அதைச் சூத்திரத்தில் போட்டால், கன சென்டிமீட்டருக்கு 0.08 எலக்ட்ரான் என்று வந்தது. குமிழியின் உள் ஓரத்தில் இருக்க வேண்டியது 0.002 அளவுதான். 40 மடங்கு வித்தியாசத்தோடு யாரும் வாதாட முடியாது. அயோவா பல்கலைக்கழகத்தின் டான் கர்னெட் குழு பழைய பதிவுகளைத் தோண்டி, 2012 அக்டோபர்–நவம்பரில் இதேபோல மெல்லிய ஒரு விசில் இருந்ததையும் கண்டுபிடித்தது. பின்னோக்கிக் கணக்குப் போட்டால் தாண்டிய தேதி 2012 ஆகஸ்டில் போய் நின்றது. 2013 செப்டம்பரில் நாசா அறிவித்தது.

இதில் எனக்குச் சிரிப்பு வந்த விஷயம் ஒன்று. இந்த அலைப் பதிவுகள் விண்கலத்தில் உள்ள எட்டு டிராக் டேப்பில் ஏறி, ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் பூமிக்கு வரும். மனிதன் செய்த பொருள் முதல்முதலாக விண்மீனிடை வெளிக்குப் போனதற்குச் சாட்சி, டேப் ரிக்கார்டர்!

வாயேஜர் 2 தாண்டியது 2018 நவம்பர் 5, பூமி–சூரியன் தூரத்தைப் போல 119 மடங்கில். அதன் பிளாஸ்மா கருவி உயிரோடு இருந்ததால் வேலை சுலபம்: அன்றைக்குச் சூரியக் காற்றின் வேகம் செங்குத்தாக விழுந்தது, அதற்குப் பிறகு எழவே இல்லை. எல்லையை ஒரே நாளுக்குள் கடந்துவிட்டது. வெளியே பிளாஸ்மாவின் சூடு 30,000 முதல் 50,000 கெல்வின் வரை இருந்தது. பயப்பட வேண்டாம், துகள்களே இல்லாத இடத்தில் அந்தச் சூடு யாரையும் சுடாது. காந்தப்புலத்தின் திசை இந்தத் தடவையும் மாறவில்லை. ஆக, முதல் தடவை பிழை காந்தப்புலத்தில் இல்லை, நம் எதிர்பார்ப்பில்தான் இருந்தது.

இரண்டு கலங்களுக்கும் ஒரு அழகான வித்தியாசம் உண்டு. வாயேஜர் 1 குமிழிக்குள் இருக்கும்போதே வெளிச்சரக்கு, அதாவது வெளியில் உள்ள துகள்கள், விட்டுவிட்டு உள்ளே நுழைந்திருந்தது. வாயேஜர் 2 வெளியே போன பிறகும் உள்சரக்கு கொஞ்ச தூரம் கசிந்துகொண்டே வந்தது. அத்திப்பள்ளியில் கேட்கும் தமிழ் ஒன்று, ஓசூரில் கேட்கும் கன்னடம் மற்றொன்று. ஆனால் மாநில எல்லை நிற்கும் இடத்தில் நிற்கும், ஹீலியோபாஸ் நிற்காது. சூரியனின் 11 வருஷச் சுழற்சிக்கு ஏற்பக் காற்றின் அழுத்தம் கூடிக் குறைய, குமிழியும் உப்பிச் சுருங்கும்.

இனி என் தொழில் பக்கம் கொஞ்சம் போகிறேன், மன்னிக்கவும். வாயேஜர் அனுப்பும் ரேடியோவின் சக்தி 23 வாட் அளவு, ஃபிரிட்ஜுக்குள் எரியும் பல்பு மாதிரி. மைசூர் ரோடு பக்கம் பியாலாலுவில் இஸ்ரோவின் 32 மீட்டர் ஆன்டெனா இருக்கிறதே, சந்திரயானோடு பேசியது, அதை முதல்முதலாகப் பார்த்தபோது கழுத்து வலித்தது. வாயேஜரைக் கேட்க அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா ஆகிய இடங்களில் 70 மீட்டர் தட்டுகள் இருக்கின்றன. வாயேஜர் 2 தெற்குப் பக்கமாகப் போய்விட்டதால் அதற்குக் கட்டளை அனுப்ப கான்பெரா ஒன்றே கதி. தகவல் வரும் வேகம் நொடிக்கு 160 பிட். ஒரு எம்பி அளவுள்ள வாட்ஸ்அப் படம் இந்த வேகத்தில் வர சுமார் 14 மணி நேரம் ஆகும்.

2023 ஜூலையில் தவறாகப் போன ஒரு கட்டளையால் வாயேஜர் 2-இன் ஆன்டெனா 2 டிகிரி விலகியது; பேச்சு நின்றது. கான்பெராவில் இருந்து முழு பலத்தோடு ‘கத்தி’, அது கேட்டதா என்று தெரிய போக வர 37 மணி நேரம் காத்திருந்து, ஆகஸ்ட் 4-இல் மீட்டார்கள். அதே வருஷம் நவம்பரில் வாயேஜர் 1 உளற ஆரம்பித்தது. நினைவகத்தில் ஒரு சிப் பழுது. மாற்றி வைக்க முழுசாக ஒரு இடம் இல்லாததால், அந்த நிரலைத் துண்டு துண்டாக வெட்டி, காலியாக இருந்த மூலைகளில் செருகி, 2024 ஏப்ரலில் பேச வைத்தார்கள். இந்த வேலை செய்தவர்களைப் பார்த்தால் நான் காலில் விழுவேன்.

ஆனால் மின்சாரம் தீர்ந்துகொண்டிருக்கிறது. புளுட்டோனியம் சூட்டில் ஓடும் ஜெனரேட்டர் கிளம்பும்போது 470 வாட் கொடுத்தது. வருஷத்துக்கு 4 வாட் குறைகிறது. ஒவ்வொரு கருவியாக அணைத்துக்கொண்டு வருகிறார்கள். 2025 மார்ச் முடிவில் தலா மூன்று கருவிகளே மிச்சம்.

அவனுடைய கடைசிக் கேள்விக்கு வருகிறேன்: போகாமலே பார்க்க முடியாதா? முடியும், ஆனால் வெளிச்சத்தால் முடியாது. அந்த எல்லை ஒளிர்வது இல்லை. அணுக்களால் பார்க்கலாம். ஹீலியோஷீத்தில் சூடாகச் சுற்றும் புரோட்டானுக்கு மின்னூட்டம் இருப்பதால் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுற்றியே வரும். அவுட்டர் ரிங் ரோட்டில் மாட்டிக்கொண்ட வண்டி மாதிரி. வெளியில் இருந்து வரும் ஒரு நடுநிலை அணுவிடம் இருந்து அது எலக்ட்ரானைப் பறித்துவிட்டால் தானும் நடுநிலை ஆகிவிடும். அதற்குப் பிறகு காந்தக் கோடு அதை ஒன்றும் செய்ய முடியாது. அந்த நொடி எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அந்தத் திசையில் நேர்க்கோட்டில் பறந்துவிடும். சில நம் பக்கம் வரும். அவற்றைத் திசைவாரியாக எண்ணினால் எல்லையின் வரைபடம் கிடைக்கும்.

2008 அக்டோபரில் நாசா அனுப்பிய ஐபெக்ஸ் என்ற செயற்கைக்கோள் இதைத்தான் பூமியைச் சுற்றிக்கொண்டே செய்தது. முழு வானத்தையும் ஒருமுறை வரைய ஆறு மாதம். 2009-இல் வெளிவந்த முதல் வரைபடத்திலேயே, அணுக்கள் அதிகமாக வரும் ஒரு பட்டை, யாரும் எதிர்பார்க்காத ஒரு ரிப்பன், வானத்தைச் சுற்றி வளைந்து கிடந்தது. வெளியே உள்ள காந்தப்புலம் நம் பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கும் திசைகளில்தான் அந்த ரிப்பன் தெரிகிறது. வாயேஜர்கள் இரண்டும் அந்த ரிப்பனுக்கு இரு பக்கமாகப் போய்விட்டதால் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இரண்டு இடத்தில் குழி தோண்டிப் பார்ப்பதற்கும் மேலே இருந்து நிலம் முழுவதையும் பார்ப்பதற்கும் இதுதான் வித்தியாசம், இரண்டுமே தேவை.

இன்னொன்றும் ஐபெக்ஸ் காட்டியது. 2014 கடைசியில் சூரியக் காற்றின் அழுத்தம் சுமார் 50 சதவீதம் கூடியது. அந்தக் காற்று எல்லைவரை போய், அங்கே அணுக்களாக மாறி, திரும்பி வந்து 2016 கடைசியில் வரைபடத்தில் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு வருஷம் கழித்து வந்த எதிரொலி!

ஐபெக்ஸுக்குப் பெரிய அண்ணன் ஐமேப், 10 கருவிகளோடு 2025 செப்டம்பர் 24-இல் கிளம்பியது. அதன் இடம், பூமியில் இருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டரில் உள்ள எல்1 புள்ளி. நம்ம ஆதித்யா எல்1 2024 ஜனவரி 6-இல் போய்ச் சேர்ந்த அதே புள்ளி. ஆதித்யாவின் கருவிகளும் அங்கே சூரியக் காற்றை அளக்கின்றன. அங்கே இன்று அளக்கும் காற்று டெர்மினேஷன் ஷாக்கை எட்டவே ஒரு வருஷம் ஆகும்.

இவ்வளவும் செய்தும் குமிழியின் வடிவம் என்ன என்று ஒத்துப்போகவில்லை. வால் நட்சத்திரம் மாதிரி நீள வால் உண்டு என்பது பழைய படம். வால் பெரிதாக இல்லை, கிட்டத்தட்ட உருண்டைதான் என்றார்கள் சிலர். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மெராவ் ஓஃபர் குழு, பேக்கரியில் விற்கும் குரோசான் மாதிரி வளைந்து இரண்டாகப் பிரியும் என்கிறது. வாயேஜர்கள் இரண்டும் முன்பக்கமாகவே வெளியேறின. வால் பக்கம் போன பயனியர் 10 விண்கலம், 2003 ஜனவரியில் எல்லையைத் தொடும் முன்பே மௌனமாகிவிட்டது. அதனால் பின்பக்கத்தைக் குழி தோண்டிப் பார்த்தவர் யாரும் இல்லை.

அப்புறம் ஒரு திருத்தம். ‘சூரியக் குடும்பத்தை விட்டே வெளியேறிவிட்டது’ என்று செய்திகளில் வருவதை நம்ப வேண்டாம். தாண்டியது சூரியக் காற்றின் எல்லையை. சூரியனின் ஈர்ப்பு அதற்கு வெகுதூரம் அப்பாலும் ஆள்கிறது. வால் நட்சத்திரங்களின் கிடங்கான ஊர்ட் மேகம் அங்கேதான். வாயேஜர் 1 நொடிக்கு 17 கிலோமீட்டர் ஓடியும் அதன் உள் ஓரத்தைத் தொடவே சுமார் 300 வருஷம், கடந்து முடிக்க 30,000 வருஷம் ஆகும். வெளிச்சம் ஒரு நாளில் போகும் தூரமே 2,590 கோடி கிலோமீட்டர். வாயேஜர் 1 அந்த மைல்கல்லைத் தொடுவது 2026 நவம்பர் கணக்கு.

இதையெல்லாம் அன்றைக்குச் சுருக்கமாகச் சொல்லி முடித்ததும் அவன் கேட்டான்: “அதுல ஒரு தங்கத் தட்டு வெச்சு, எல்லா பாஷையிலயும் வணக்கம் சொல்லி அனுப்பினாங்களாமே, தமிழ் இருக்கா மாமா?”

இல்லை. 55 மொழிகள் உண்டு. கன்னடம் இருக்கிறது, தெலுங்கு இருக்கிறது, சிங்களம்கூட இருக்கிறது. தமிழ் இல்லை.

அவன் முகம் விழுந்ததைப் பார்த்துவிட்டு, அல்சூரிலேயே பிறந்து வளர்ந்த அக்கா மோர்ச் சொம்போடு வந்தாள். “விடுடா, எல்லை தாண்டின இடத்துல கன்னடம் பேசினா என்ன இப்போ? ஓசூர்ல நீ பேசாததா?”